உலைக்குள் போகும் ஈரம்

உலை வெடித்தது என்று செய்தி வருகிறது. தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று வருகிறது. மறுநாள் இழப்பீடும் விசாரணை உத்தரவும் அறிவிக்கப்படுகின்றன. அத்தோடு அந்தச் செய்தி பக்கங்களிலிருந்து மறைகிறது. எதனால் வெடித்தது என்ற கேள்விக்கான பதில் பெரும்பாலும் அச்சேறுவதில்லை. உருகிய இரும்பு தானாக வெடிக்காது. உருகிய அலுமினியமும் தானாக வெடிக்காது. இத்தகைய விபத்துகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் காரணம் ஒன்று உண்டு: உலோகத்துக்கு அடியில் அகப்பட்டுக்கொண்ட நீர். அந்த நீர் எப்படி அங்கே வந்தது, அதைத் தடுத்திருக்க வேண்டியவர் யார் என்பதையே பொதுமக்கள் கேட்க வேண்டும்.

இதன் வேதியியல் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. உலோகங்களின் வினைத்திறன் வரிசையைப் பத்தாம் வகுப்பு மாணவர் படிக்கிறார். பொட்டாசியமும் சோடியமும் குளிர்ந்த நீரிலேயே சீறும். மக்னீசியத்துக்குச் சுடுநீர் வேண்டும். அலுமினியம், துத்தநாகம், இரும்பு ஆகியவை நீராவியோடு வினைபுரியும். செம்பும் வெள்ளியும் தங்கமும் நீரைக் கண்டுகொள்ளாது. சூடான உலோகம் நீரிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது, ஹைட்ரஜன் தனித்து வெளியேறுகிறது. தேர்வில் இரண்டு மதிப்பெண் பெறும் இந்த விடைதான் உருக்குக் கூடத்தில் உயிருக்கும் சாவுக்கும் இடையிலான கோடு.

இது நேற்றுத் தெரிந்த உண்மையும் அல்ல. பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே 1780களிலேயே செந்தணலாகச் சூடேற்றிய துப்பாக்கிக் குழாய்க்குள் நீராவியைச் செலுத்தி, மறுமுனையில் ஹைட்ரஜனைப் பிடித்துக் காட்டினார். நீர் ஒரு தனிமம் அல்ல, கூட்டுப்பொருள் என்று நிறுவ அந்தச் சோதனை உதவியது. 1794இல் பிரெஞ்சுப் படை தன் வேவு பலூனை நிரப்பிய ஹைட்ரஜனும் பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் நீராவியைச் செலுத்திப் பெற்றதுதான். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் அறிந்து, வேண்டுமென்றே செய்து பார்த்த வினை இது. அறியாமல் நேர்ந்தது என்று எந்த ஆலையும் இன்று சொல்ல முடியாது.

ஆபத்து இரண்டு வழிகளில் வருகிறது. முதல் வழியில் வேதிவினையே தேவையில்லை. நீர் கொதித்து ஆவியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும். உருகிய எஃகின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பத்தில் பெருக்கம் 8,000 மடங்கை நெருங்கும். அரை டம்ளர் நீர், அதாவது 100 மில்லி, அங்கே 800 லிட்டர் ஆவியாகிறது. திறந்த வெளியில் அது கலைந்துபோகும். உலோகத்துக்கு அடியில் சிக்கினால் தன் மேலுள்ள அத்தனையையும் தூக்கி எறிந்துகொண்டு வெளியேறும். இரண்டாவது வழி ஹைட்ரஜன். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தால் அது தீப்பிடிக்கும். தீப்பொறிக்கு உருக்குக் கூடத்தில் பஞ்சமே இல்லை.

எனவே எவ்வளவு நீர் என்பதைவிட, நீர் எங்கே இருக்கிறது என்பதே முதல் கேள்வி. உருகிய உலோகத்தின் மேல் விழுந்த நீர் பெரும்பாலும் அங்கேயே கொதித்து ஆவியாகிப் போய்விடும். அதே நீர் உலோகத்துக்கு அடியில் போனால் கதை வேறு. இந்த வேறுபாட்டை உலகுக்குக் கற்பித்தது இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரம். 1975 நவம்பர் 4 அன்று, அங்குள்ள ஓர் உருக்காலையில் குளிர்விக்கும் நீர் கசிந்து, உருகிய இரும்பு நிரம்பிய ராட்சதக் கலத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. தண்டவாளத்தில் ஓடும் அந்தக் கலத்தின் மேற்பரப்பில் நீர் கொதித்தபடி கிடந்தது. அந்த நிலையில் எதுவும் வெடிக்கவில்லை. பிறகு ரயில் எஞ்சின் கலத்தை நகர்த்தியது. இரும்பு அலைந்தது, மேலே கிடந்த நீர் அடியில் மாட்டிக்கொண்டது. ஏறத்தாழ 90 டன் இரும்பு வெளியே வீசப்பட்டது. 11 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

மேலே நீர் கிடக்கும் கலத்தை அசைக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது, ஆட்களை விலக்கிவிட்டு நீர் முழுதும் ஆவியாகும்வரை காத்திருக்க வேண்டும். அந்த 11 உயிர்கள் விட்டுச்சென்ற விதி இது. எழுதி ஒட்டினால் நான்கு வரிகூட வராது. நம் உருக்குக் கூடங்கள் ஒவ்வொன்றிலும் இது தொழிலாளியின் மொழியில் ஒட்டப்பட்டிருக்கிறதா?

விதி தெரிந்த நாட்டிலும் அது மீண்டும் நேர்ந்தது. 2001 நவம்பர் 8 அன்று, வேல்ஸ் பகுதியில் உள்ள போர்ட் டால்பட்டில் ஓர் ஊதுலைக்குள் குளிர்விப்பு நீர் புகுந்தது. உள்ளிருந்த பொருள்களோடு சேர்த்து 5,000 டன் எடைகொண்ட அந்த உலை, தன் தாங்குதளத்திலிருந்து முக்கால் மீட்டர் உயரம் எழும்பியது. 3 பேர் இறந்தார்கள். பெரிய ஆலை, பயிற்சி பெற்ற ஊழியர், வலுவான ஆய்வு முறை ஆகிய எல்லாம் இருந்த இடத்தில் நடந்தது இது. இவற்றில் ஒன்றும் முழுமையாக இல்லாத சிறு உருக்குக் கூடங்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அணு உலைகளும் இதற்கு விலக்கல்ல. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் மூன்று உலைக் கட்டடங்களைச் சிதைத்தது ஹைட்ரஜன். எரிபொருள் உறையாக இருந்த சிர்கோனியம், அளவு மீறிச் சூடேறி நீராவியோடு வினைபுரிந்தது. லவாசியேயின் துப்பாக்கிக் குழாயில் நடந்ததற்கும் அங்கே நடந்ததற்கும் வினையின் அடிப்படை ஒன்றே.

இனி தமிழ்நாட்டுக்கு வருவோம். கோவை வட்டாரத்துப் பவுண்டரிகள் நாட்டின் பம்புகளுக்கும் மோட்டார்களுக்கும் வார்ப்புகள் தருகின்றன. பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பி தயாரிக்கும் கூடங்களும் மாநிலத்தில் உண்டு. இவற்றில் பெரும்பாலும் இயங்குவது மின்தூண்டல் உலை, தொழிலாளர் வழக்கில் இன்டக்ஷன் பர்னஸ். அதன் அமைப்பைப் பொதுமக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நடுவில் உருகிய உலோகம் தகிக்கிறது. அதைச் சுற்றி லைனிங் எனப்படும் தீத்தாங்கும் சுவர். அந்தச் சுவரை ஒட்டி வெளியே காயில் எனப்படும் செப்புக் குழாய்ச் சுருள் ஓடுகிறது. குழாய்க்குள் ஓடுவது நீர். உருகிய உலோகத்துக்கும் நீருக்கும் இடையே இருப்பது சில அங்குலச் சுவர் மட்டுமே.

அந்தச் சுவர் ஒவ்வொரு உருக்கலுக்கும் தேய்கிறது. அது தேய்வது குறைபாடல்ல, அதன் இயல்பு. தேய்ந்ததை அளந்து உரிய நேரத்தில் மாற்றுவதே பாதுகாப்பு. ஒரு வாரம் கூடுதலாக ஓட்டலாம் என்று முடிவெடுப்பவர், அந்த ஒரு வாரத்துக்கு உலைமேடையில் நிற்பவரின் உயிரைப் பணயம் வைக்கிறார். சுவரில் விரிசல் கண்டால் உலோகம் அதன் வழியே ஊடுருவிக் காயிலைத் தொடும். செப்பு உருகி ஓட்டையாகும். அழுத்தத்தோடு ஓடும் நீர் உலோகத்துக்குள் பீறிடும்.

இந்த ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் கருவி உலையோடு சேர்ந்தே வருகிறது. எர்த் லீக்கேஜ் மீட்டர் என்று அதைச் சொல்கிறார்கள். லைனிங் மெலிந்து உலோகம் காயிலை நெருங்க நெருங்க, அதன் முள் ஏறும். எல்லை தாண்டினால் மணி ஒலித்து மின்சாரம் துண்டிக்கப்படும். உற்பத்தி நிற்கிறதே என்று அந்த மணியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு உலையை ஓட்டுவது சிறு தவறல்ல. அது குற்றம். சட்டமும் அதைக் குற்றமாகவே நடத்த வேண்டும்.

பெரிய ஊதுலைகளில் ஹைட்ரஜனே இந்த எச்சரிக்கை வேலையைச் செய்கிறது. உலை உச்சியில் வெளியேறும் வாயுவில் ஹைட்ரஜன் அளவு திடீரென்று கூடினால், உள்ளே எங்கோ குளிர்விப்புக் குழாய் கசிகிறது என்று பொருள். திரவ சோடியத்தால் குளிர்விக்கப்படும் ஈனுலைகளில் சூடான சோடியத்தையும் நீரையும் பிரிப்பது மெல்லிய குழாய்ச் சுவர்தான். அங்கும் சோடியத்தில் கலக்கும் நுண்ணளவு ஹைட்ரஜனைக் கண்டறியும் கருவிகள் இரவும் பகலும் இயங்குகின்றன. கசிவு சிறிதாக இருக்கும்போதே தெரிந்துகொள்வது அந்த உலைகளின் ஒழுங்கு. சிறு உருக்குக் கூடத்துக்கு அத்தனை கருவிகள் இல்லை. உள்ள ஒரு மீட்டரையாவது உயிரோடு வைத்திருக்க வேண்டாமா?

மின்வெட்டு நேரத்தில் ஆபத்து இன்னும் கூடுகிறது. மின்சாரம் நின்றாலும் உலைக்குள் உலோகம் குளிர்ந்துவிடுவதில்லை. காயிலுக்குள் நீரோட்டம் நின்றால், உள்ளே தங்கிய நீர் கொதித்துக் குழாயைச் சிதைக்கும். மேல்நிலைத் தொட்டியோ டீசல் பம்போ உடனே கைகொடுக்க வேண்டும். அந்த டீசல் பம்பைக் கடைசியாக ஓட்டிப் பார்த்தது எப்போது என்று ஆய்வுக்குப் போகும் அதிகாரி கேட்க வேண்டும். பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்.

நீர் நுழையும் அடுத்த வாசல் பழைய இரும்பு. திறந்த முற்றத்தில் குவித்த ஸ்கிராப் மழையில் நனைகிறது. இரு முனையும் நசுங்கிய குழாய்த் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியே பார்த்தால் காய்ந்திருக்கும். உள்ளே ஒரு கையளவு நீர் தேங்கியிருக்கும். வண்டிகளிலிருந்து கழற்றிய ஷாக் அப்சார்பர், மூடிய கேன், துரு அடர்ந்த டப்பா எல்லாம் இந்த வகைதான். ஏற்கெனவே பாதி உருகிய உலோகத்துக்குள் அதைப் போட்டால், நீர் மேற்பரப்பில் தங்காது. இரும்போடு சேர்ந்து அடியில் மூழ்கும். ஸ்கன்தார்ப்பில் ரயில் எஞ்சின் செய்த வேலையை இங்கே ஒரு கூடை ஸ்கிராப் செய்துவிடும்.

உலைக்குக் கீழே உள்ள குழியையும் சொல்ல வேண்டும். உலை பிய்த்துக்கொண்டால் உலோகம் வழிந்து தங்குவதற்காகவே அந்தக் குழி இருக்கிறது. அதில் நிலத்தடி நீர் ஊறி நின்றால், அடைக்கலமாக வெட்டிய இடமே வெடிக்களமாகும். மழைக்காலத்தில் அந்தக் குழியை நாள்தோறும் இறங்கிப் பார்ப்பவர் யார் என்று ஒவ்வொரு ஆலையிலும் பெயர் குறித்து வைக்க வேண்டும்.

அலுமினியத்தை உருக்கும் சிறு கூடங்கள் தனிக் கவனத்துக்குரியவை. பழைய பாத்திரங்களையும் எஞ்சின் உதிரிகளையும் உருக்கும் கூடங்கள் இவை. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால், இது சாதுவான உலோகம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணம் தவறு. ஒரு கிலோ அலுமினியம் நீரோடு முழுதாக வினைபுரிந்தால் 1,200 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் வெளிவரும். அப்போது பிறக்கும் வெப்பம், அதே எடையுள்ள டிஎன்டி வெடிமருந்து தருவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 1950களில் அமெரிக்காவில் உருகிய அலுமினியத்தை நீர்த் தொட்டிகளில் கொட்டிச் சோதித்தார்கள். துருப்பிடித்த தொட்டியிலும் சுண்ணாம்பு பூசிய தொட்டியிலும் வெடிப்பு எளிதில் நேர்ந்தது. தார் சார்ந்த பூச்சு பூசிய தொட்டி அதைத் தடுத்தது. தொட்டியின் அடிக்கும் உலோகத்துக்கும் இடையே நீர்ப்படலம் சிக்குவதே தூண்டுகோல் என்று தெரிந்தது. வார்ப்புக் குழிகளுக்குப் பாதுகாப்புப் பூச்சு பூசும் வழக்கம் அதிலிருந்து வளர்ந்தது. ஒரு டப்பா பூச்சு உயிர் காக்கும் என்பது எழுபது ஆண்டுப் பழைய அறிவு.

ஈரத்தை உலோகத்தொழிலிலிருந்து முழுதாக விரட்ட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்வோம். பவுண்டரியின் பச்சை மணல் அச்சிலேயே அளவான ஈரம் உண்டு. ஈரம் இல்லாவிட்டால் மணல் பிடிக்காது. அந்த ஈரம் ஆவியாகி மணலின் துளைகள் வழியே வெளியேற வழி இருப்பதால்தான் வார்ப்பு பிழைக்கிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகை உருக்கி வெளியேற்றிய பிறகும் மண் அச்சைத் தணலில் நன்றாகச் சுட்டே வெண்கலத்தை ஊற்றுகிறார்கள். செம்பு கலந்த அந்த உலோகம் நீரோடு வினைபுரியாது. ஆனாலும் அச்சில் ஈரம் தங்கினால் ஆவி உலோகத்தைக் கக்கிவிடும் என்பதை அந்தத் தொழில் தலைமுறைகளாக அறியும். அடைபட்ட ஈரமே எதிரி. அந்தக் கைத்தொழிலின் பொறுமையை மின் உலை ஓட்டும் ஆலைகளிடம் கேட்பது மிகையான கோரிக்கை அல்ல.

விபத்துக்குப் பின் செய்யும் தவறு இன்னோர் ஆபத்து. எரியும் மக்னீசியத்தின் மேல் நீர் அடித்தால் தீ அணையாது. ஹைட்ரஜன் பிறந்து தீ கொழுந்துவிடும். கார்பன் டை ஆக்சைடிலும் அது எரியும். உப்பை அடிப்படையாகக் கொண்ட உலர் தூளே அதற்கு வேண்டும். உலோகத்தூள் எரியும் இடத்துக்கும் உருகிய உலோகம் வழிந்த இடத்துக்கும் நீர்வண்டியோடு ஓடிவரும் தீயணைப்பு வீரரின் உயிரும் இங்கே பணயத்தில் இருக்கிறது. எந்த ஆலையில் எந்த உலோகம், எங்கே, எவ்வளவு என்ற பட்டியல் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தில் முன்கூட்டியே இருக்க வேண்டும். வாயிலில் வந்து நின்ற பிறகு விசாரித்துத் தெரிந்துகொள்ளும் செய்தி அல்ல அது.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. போபால் விஷவாயு விபத்துக்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஆபத்தான செயல்முறைகளுக்குத் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அதன் பட்டியலில் பவுண்டரிகள் பெயர் சொல்லியே இடம்பெற்றன. ஆபத்தைத் தொழிலாளிக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் வெளிப்படையாகத் தெரிவிக்கும் கடமை ஆலைக்கு விதிக்கப்பட்டது. உடனடி ஆபத்து என்று அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் சொல்லும் உரிமை பெற்றார். லைனிங் மெலிந்துவிட்டது, உலையை நிறுத்துங்கள் என்று சொல்ல அவருக்குச் சட்டம் துணை நின்றது. அந்த உரிமை அவருக்குத் தெரியாது என்பதே நடப்பு நிலை.

சட்டத்தின் எல்லைக்கோடும் கவலை தருகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், மின்விசை பயன்படுத்தும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தாலே அது தொழிற்சாலை எனக் கருதப்பட்டது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக உயர்த்தியது. பம்பு உதிரி வார்க்கும் சிறு கூடத்தில் 15 பேர் வேலை செய்யலாம். அவர்கள் நிற்கும் உலையின் வெப்பம் 15 பேருக்கு ஏற்றாற்போலக் குறைந்துவிடுவதில்லை. ஆபத்தான தொழில் நடக்கும் இடங்களுக்கு, ஆள் எண்ணிக்கை குறைவானாலும், சட்டத்தை நீட்டிக்கும் அதிகாரம் அரசிடம் உண்டு. உலோகம் உருக்கும் ஒவ்வொரு கூடத்துக்கும் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும்.

உலைமேடையில் நிற்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பலர் வடமாநிலங்களிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர். எச்சரிக்கைப் பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்து, வாசிக்க வேண்டியவருக்கு இந்தியோ ஒடியாவோ மட்டும் தெரிந்தால் பலகை இருந்தும் இல்லாததே. ஷிப்ட் முடிந்து ஒப்பந்ததாரர் மாறும்போது, லைனிங் பற்றிய தகவலும் கூடவே மாறிப் போய்விடக் கூடாது. முதலாளி ஒப்பந்ததாரரைக் காட்டுவதும் ஒப்பந்ததாரர் இறந்தவரின் கவனக்குறைவைக் காட்டுவதும் விசாரணைகளில் இனி எடுபடக் கூடாது. உலை யாருடையதோ, பொறுப்பு அவருடையது.

செலவு என்ற வாதம் வரும். சிறு ஆலைகள் குறைந்த லாபத்தில், கூடும் மின்கட்டணத்தோடு போராடுகின்றன என்பது உண்மை. அதை இந்த நாளிதழ் மறுக்கவில்லை. ஸ்கிராப் முற்றத்துக்குத் தகரக் கூரை, உலையில் போடும் பொருளைச் சூடேற்றி உலர்த்தும் அடுப்பு, அவசர நீர்ப் பம்பு ஆகியவற்றுக்கு எளிய வட்டியில் கடனும் மானியமும் தருவது அரசின் கடமை. அந்த உதவி வரும்வரை ஈரமான ஸ்கிராப்பை உலையில் போடலாம் என்று யாரும் பொருள்கொள்ளக் கூடாது.

ஆய்வுத் துறையிடம் நாம் கேட்பது தெளிவானது. விபத்து அறிக்கையில் உலை வெடிப்பு என்ற ஒற்றைச் சொல்லை ஏற்கக் கூடாது. நீர் எந்த வழியில் புகுந்தது என்ற காரணம் எழுதப்பட வேண்டும்: காயிலா, ஸ்கிராப்பா, குழியா, உருகிய உலோகத்தை ஏந்தி ஊற்றும் லேடில் ஈரமாக இருந்ததா. உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பிய வெடிப்புகளும் பதிவாக வேண்டும். அவற்றை மறைக்கும் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது. முடிவுகள் மற்ற ஆலைகளுக்குச் சுற்றறிக்கையாகப் போக வேண்டும். ஓர் ஊரில் இறந்தவர் கற்பித்த பாடம் அடுத்த ஊரை எட்டாமல் கோப்பில் முடங்குவதை ஏற்க முடியாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஸ்கிராப் குவியல்கள் நனையும், குழிகளில் நீர் ஊறும். அதற்கு முன் மாநிலத்தில் உலோகம் உருக்கும் ஒவ்வொரு கூடத்திலும் ஓர் ஆய்வாளர் நேரில் சென்று நான்கு இடங்களைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்: முற்றத்தின் கூரை, உலைக்கடியில் உள்ள குழி, எர்த் லீக்கேஜ் மீட்டர், அவசரப் பம்பு. பார்த்த தேதியும் கண்ட நிலையும் ஆலை வாயிலில், தொழிலாளர் படிக்கும் மொழியில் ஒட்டப்பட வேண்டும்.